எட்டு மீட்டர் போஸ்ட்

என் அக்கா வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஒரு விரிசல் ஓடுகிறது. இடது மூலையில் தொடங்கி, சுவிட்ச் போர்டைத் தாண்டி, கூரை வரைக்கும் போகிறது. கல் குவாரியில் வெடி வைக்கிற நாட்களில் அதிலிருந்து சிமெண்டுப் பொடி உதிரும். அக்கா அதற்குக் கீழே ஒரு பழைய சாக்கை விரித்து வைத்திருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் அந்தச் சாக்கைத் தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

விரிசலுக்குக் காரணம் குவாரி என்று தெருவில் சொல்கிறார்கள். குவாரி வந்ததற்குக் காரணம் நான் என்று சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்றும் சொல்கிறார்கள். குவாரிக்காரனிடம் வேலைக்கு ஆசைப்பட்டு நான் பொய் சொன்னேனாம். அது உண்மை இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப்போய்விட்டது. வாயால் சொன்னதை ஒருவரும் நம்பாததால் எழுதிப் பார்க்கிறேன்.

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் நெடுந்தூரம் சுடுகிற பிரிவில். இதைச் சொன்னால் சினிமா பார்த்தவர்களுக்குக் கண் விரியும். விரிய வேண்டாம். நான் சுட்டவன் இல்லை. அந்த வேலைக்கு இரண்டு பேர் ஜோடி. ஒருவன் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருப்பான். இன்னொருவன் அவன் தோளை ஒட்டிப் படுத்துக்கொண்டு தூரம் சொல்லுவான், காற்று சொல்லுவான். அந்த இன்னொருவன் நான். எங்கள் ஜோடி எந்த மனிதனையும் சுட்டதில்லை. மரப் பலகையையும் இரும்புத் தகட்டையும்தான் ஒன்பது வருடமும் சுட்டோம்.

தூரம் சொல்லுவது சாதாரண வேலை இல்லை. துப்பாக்கிக் குண்டு நேராகப் போகும் என்று நினைக்கிறவர்கள் அதைக் கிட்டத்தில் மட்டும் பார்த்தவர்கள். எண்ணூறு மீட்டர் போவதற்குள் அது கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரம் கீழே இறங்கியிருக்கும். அதற்குத் தகுந்த மாதிரி துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பது தூரத்தைப் பொறுத்தது. ஐம்பது மீட்டர் தப்பாகச் சொன்னால், குண்டு பலகையின் தலைக்கு மேலே போகும், இல்லையென்றால் காலடி மண்ணைக் கிளறும். சுட்டவன் திரும்பி என்னைத்தான் பார்ப்பான்.

தூரம் காட்டுகிற லேசர் கருவி எங்களுக்கு இருந்தது. மலைக் குளிரில் அதன் பேட்டரி செத்துப்போகும். மூடுபனியில் எதிரே இருக்கிற பனியையே அளந்து சொல்லும். அதனால் எல்லோர் பையிலும் அட்டை இருக்கும். ஒரு சாண் நீளத்தில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் முன்னும் பின்னும் சறுக்குகிற ஒரு நாக்கு. இரண்டிலும் கோடுகளும் எண்களும். அவ்வளவுதான் கருவி. ஸ்லைடு ரூல் என்று பெயர்.

தொலைநோக்கிக்குள் பார்த்தால் சிறு சிறு கோடுகள் தெரியும். அந்தக் கோட்டு அளவுக்கு மில் என்று பெயர். ஒரு மீட்டர் உயரமான பொருள் ஆயிரம் மீட்டர் தள்ளி இருந்தால் ஒரு மில் உயரம் தெரியும். கிட்டே வந்தால் அதிக மில், தள்ளிப் போனால் குறைந்த மில். ஆக, ஒரு பொருளின் உண்மையான உயரம் தெரிந்திருந்து, அது எத்தனை மில் என்று பார்த்துவிட்டால் போதும். அந்த உயரத்தை அந்த மில்லுக்கு நேராகச் சறுக்கி நிறுத்தினால், அம்புக்குறி தூரத்தைக் காட்டும். அட்டையைப் பின்பக்கம் திருப்பினால், அந்தத் தூரத்துக்குக் குண்டு எவ்வளவு இறங்கும் என்பது இருக்கும்.

வெறும் பெருக்கலும் வகுத்தலும்தானே, மனக்கணக்காகப் போடக்கூடாதா என்று கேட்கலாம். மூன்று மணி நேரம் பனியில் குப்புறக் கிடந்து, விரல் மரத்து, பக்கத்தில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது ஏழாயிரத்தை நாலால் வகுத்துப் பாருங்கள். வராது. அந்த நேரத்தில் தலைக்கு வேலை வைக்கக்கூடாது என்பதற்குத்தான் அட்டை.

எங்கள் பிரிவில் ஒரே ஒரு வெளிநாட்டு அட்டைதான் நல்லதாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கென்று ஒன்று செய்துகொண்டேன். லீவில் வந்தபோது மதுரையில் அடையாள அட்டை அடிக்கிற கடை ஒன்றில் கொடுத்தேன். இந்த அட்டையில் கோடுகள் சம இடைவெளியில் இருக்காது. நூறுக்கும் இருநூறுக்கும் நடுவே மூன்று விரல் அகலம் இருந்தால், எண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவே ஒரு நகத்தின் அகலம்தான் இருக்கும். அப்படி இருந்தால்தான் கணக்கு வரும். கடைக்காரர் நல்ல மனிதர். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாக் கோடுகளையும் சமமாக்கி அடித்து வைத்திருந்தார்.

"ஒங்க டிசைன்ல கோடெல்லாம் கோணக்கமாணக்கன்னு நெருக்கிக்கிட்டுக் கெடந்துச்சுண்ணே. நானே சரி பண்ணிட்டேன்" என்றார்.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அடிக்க வைத்தேன். அந்த இரண்டாவது அட்டைதான் கடைசி வரை என்னிடம் இருந்தது. சுடுகிற போட்டி ஒன்றில்கூட அது என்னைக் கைவிட்டதில்லை.

அதற்குக் காரணம் அட்டை இல்லை, என் நோட்டு. பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொன்னது ஒன்றே ஒன்று: கையால் தொட்டு அளக்காத பொருளின் அளவை நம்பாதே. கொடுத்த அளவு தப்பென்றால், அட்டை கொஞ்சமும் கூசாமல் தப்பான தூரத்தைக் காட்டும். அதனால் நான் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து நோட்டில் எழுதுவேன். லாரிக் கதவு, மண் மூட்டை, தண்ணீர் கேன், ஜன்னல். லீவில் ஊருக்கு வந்தாலும் விடமாட்டேன். எதிர் வீட்டு எருமையை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அக்காதான்.

"எருமைக்குச் சட்டை தைக்கப் போறியா தம்பி?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். சிரித்தாலும், நான் முடிக்கும் வரை டேப்பை விடவில்லை.

ஓய்வு பெற்று வந்த பிறகு மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் காவலாளி வேலை கிடைத்தது. பட்டாளத்துச் சட்டை மாதிரியே ஒன்றைத் தைத்துக் கொடுத்து, வாசலில் நிறுத்தி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சல்யூட் அடிக்கச் சொன்னார்கள். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் திருமங்கலம் பஸ் பிடித்து, அங்கிருந்து மேற்கே எங்கள் ஊருக்குப் போவேன். பழக்கம் விடாது. கீழக்குயில்குடி மலையைத் தூரத்தில் பார்த்தால்கூட, படியில் ஏறுகிற ஆள் எத்தனை மில் இருப்பான் என்று கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும்.

அக்கா வீடு தெருவின் மேற்குக் கடைசி. அதைத் தாண்டினால் கரட்டுக் காடுதான். இரண்டு அறை, ஒட்டுக் கழிவறை, மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டு. அரசாங்க உதவியில் பாதி, மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்த காசில் பாதி என்று ஆறு வருடம் இழுத்துக் கட்டினாள். மச்சான் கூலி வேலைக்குப் போகிறவர். பேச்சு குறைவு. அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவர்கள் இரண்டு பேர் முதுகில் ஏறி வந்தது. அக்காவுக்கு வேறு சொத்து கிடையாது.

அந்தக் கரட்டில் குவாரி வரப்போகிறது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். வீடுகளிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் குவாரி வரக்கூடாது என்று விதி இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். குவாரி நிலத்தின் கிழக்கு மூலையில், அதாவது எங்கள் தெருவுக்குக் கிட்டத்து மூலையில், புதிதாக ஒரு கரண்டு போஸ்ட் நட்டிருந்தார்கள். அதுதான் எல்லை. அந்தப் போஸ்ட்டிலிருந்து அக்கா வீடு முந்நூறுக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் கேள்வி. உள்ளே என்றால் மனு கொடுக்கலாம், நிச்சயம் நிற்கும். வெளியே என்றால் மனு கொடுத்தும் பயனில்லை, குவாரிக்காரனின் பகைதான் மிச்சம். தெருவில் பாதிப் பேருக்கு அவன் தோப்பில்தான் வேலை.

ஏன் யாரும் டேப் எடுத்துப் போய் அளக்கவில்லை? நடுவே இரண்டு இடத்தில் முள்வேலி, குவாரிக்காரன் போட்டது. இரண்டு ஆட்கள் காவல் வேறு. அத்தோடு, தெருவுக்கென்று ஒரு பட்டாளத்துக்காரன் இருந்தான், நான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் குவாரி மேனேஜர் ஜவுளிக்கடை வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, கேட்டுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேணும். ஒங்க ஊரு பக்கந்தான். இப்பிடி வாசல்ல நின்னு சல்யூட் அடிக்க வேண்டியதில்ல" என்றார்.

"பாப்போம்" என்றேன். அவ்வளவுதான். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. மறைக்க அதில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லாததை ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறி நின்றார்கள். என்னிடம் உள்ளே கோடு போட்ட பழைய தொலைநோக்கி ஒன்று இருந்தது. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். வெயில் நன்றாக இருந்தது. போஸ்ட் தெளிவாகத் தெரிந்தது. அடி ஒரு கோட்டில், நுனி ஒரு கோட்டில். இருபத்தைந்து மில். மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் இருபத்தைந்து.

தெருவில் எனக்கு மாப்பிள்ளை முறை ஆகிற ஒருவன், செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன், போனை நீட்டினான்.

"மாமா, இதுல மேப்புலயே அளந்துறலாம்ல?"

"அந்தப் படத்துல போஸ்ட் இருக்கா மாப்ள?"

பெரிதாக்கிப் பார்த்தான். "இல்ல மாமா. பழைய படம் போல. வெறும் காடாத்தான் தெரியுது."

"அப்ப எங்கேருந்து அளப்ப? ஓணான் எங்க ஒக்காந்துருக்குதோ அங்கேருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. ஜவுளிக்கடையில் வருடக் கணக்காகச் சல்யூட் அடித்தவனுக்கு அப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் நிமிராதா?

"அந்தப் போஸ்ட் எம்புட்டு ஒசரம்? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"எட்டு மீட்டர் போஸ்ட்டுண்ணே. இந்த லைன்ல எல்லாமே எட்டு மீட்டருதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தேன். எட்டை ஆயிரத்தால் பெருக்கி இருபத்தைந்தால் வகுப்பதற்கு அட்டை தேவையே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எடுத்தேன். நாக்கை மெதுவாகச் சறுக்கினேன். அந்த நேரத்தில் அக்கா டீத் தட்டோடு படியேறி வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்று, "தம்பி" என்றாள். திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினேன். அளக்கும்போது பேச்சு கூடாது. பட்டாளத்துப் பழக்கம்.

எட்டு, இருபத்தைந்துக்கு நேராக வந்து நின்றது. அம்புக்குறி முந்நூற்று இருபதில்.

"முந்நூத்தி இருபது" என்றேன். "வெளியதான் இருக்கு. மனு நிக்காது."

"கரெக்டா இருக்குமாண்ணே?"

"இதுக்கு அஞ்சு மீட்டர் முன்னப் பின்ன இருக்கலாம். முந்நூறுக்குக் கீழ வரவே வராது" என்றேன். அட்டையைக் கை மாற்றி மாற்றி எல்லோரும் பார்த்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். அக்கா டீயைக் கொடுத்தாள். டீ நன்றாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

மனு கொடுக்கவில்லை. முப்பது நாள் போனது. குவாரிக்கு அனுமதி வந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து நான் அங்கே கேட் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். நேர்மையாக அளந்து சொன்னவன், அதனால் நேர்மையாகச் சேரலாம் என்று என் கணக்கு. மனைவி அப்போதே சொன்னாள்.

"நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. இப்பப் போக வேணாங்க."

"என்னத்தப் பேசிருவாக? அளந்தது நானா, அட்டையா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

வெடி வைக்க ஆரம்பித்து நாலாவது மாதம் அக்கா வீட்டுச் சுவர் விட்டது. முதலில் முடி போல ஒரு கோடு. அப்புறம் நகம் நுழைகிற அளவு. பக்கத்தில் இன்னும் மூன்று வீடுகளில் தரை பிளந்தது. தெருக்காரர்கள் பிந்திப்போய் மனு எழுதினார்கள். அப்புறம் வழக்கு. வழக்குக்காக நில அளவைக்காரர்கள் முக்காலி மேல் கருவியை வைத்து அளக்க வந்தார்கள். நான் குவாரி கேட்டில் நின்று, அவர்களுக்கு நானே கதவைத் திறந்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் திறந்தேன். என் முந்நூற்று இருபது நிரூபணமாகப் போகிறது என்று நினைத்தேன்.

போஸ்ட்டடியிலிருந்து அக்கா வீட்டுச் சுவர் வரைக்கும் இருநூற்று அறுபத்தெட்டு மீட்டர் என்று அந்த ஆள் சத்தமாகப் படித்தார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

"திருப்பி ஒருக்கா பாருங்க சார்" என்றேன். பார்த்தார். அதே இருநூற்று அறுபத்தெட்டு.

கேட் கூண்டுக்குள் போய் அட்டையை எடுத்தேன். இதில் பின்னாலிருந்தும் கணக்குப் போடலாம். அம்புக்குறியை இருநூற்று அறுபத்தெட்டில் நிறுத்திவிட்டு, இருபத்தைந்து மில்லுக்கு நேராக என்ன உயரம் வருகிறது என்று பார்த்தேன். ஆறு மீட்டர் எழுபது. எட்டு வர வேண்டிய இடத்தில் ஆறு எழுபது. மீதி ஒன்றே கால் மீட்டர் சொச்சம் எங்கே போனது? ஜன்னல் வழியாகப் போஸ்ட்டைப் பார்த்தேன். அதன் அடியைப் பார்த்தேன். போஸ்ட் மண்ணுக்குள் இறங்கி நின்றது.

எட்டு மீட்டர் என்பது போஸ்ட்டின் நீளம். நட்ட பிறகு வெளியே தெரிகிற உயரம் இல்லை. இதற்குப் பட்டாளம் போக வேண்டாம், பயிற்சி வேண்டாம். ஆட்டுக்கு முளைக்குச்சி அடித்தவனுக்குத் தெரியும். எருமையைத் தொட்டு அளந்தவன், தகர டப்பாவைத் தொட்டு அளந்தவன், சொந்த அக்கா வீட்டு விஷயத்தில் முகம் பார்க்காத ஒருவன் சொன்ன எட்டை அப்படியே வாங்கிச் சறுக்கிவிட்டேன். ஒன்பது வருடம் பலகைக்குக் கொடுத்த மரியாதையை அந்த வீட்டுக்குக் கொடுக்கவில்லை. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அட்டையை இரண்டாக முறிக்கப் பார்த்தேன். முறியாமல் வளைந்து வளைந்து நின்றது அந்தச் சனியன். கடைக்காரர் நல்ல பிளாஸ்டிக்தான் போட்டிருந்தார்.

மறுநாளே வேலையை விட்டேன். அதுவும் தப்பாகிப் போனது. சேர்ந்தபோது, அளந்து கொடுத்ததற்குக் கூலி என்றார்கள். விட்டபோது, குட்டு வெளிப்பட்டதால் ஓடுகிறான் என்றார்கள். டீக்கடையில் ஒருவன் என் காதில் விழ வேண்டும் என்றே கேட்டான்.

"ஏண்ணே, அந்த அட்டையில கமிஷனுக்கும் கோடு போட்டிருக்கா?"

அவனை உட்கார வைத்து விளக்கினேன். மில் என்றால் என்ன, எட்டு எப்படி ஆறு எழுபதானது என்று காகிதத்தில் வரைந்தே காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சொன்னது இதுதான்.

"அதாவது, ரெண்டு மைலுக்கு அங்கிட்டு நிக்கிற ஆளையே அளக்குற பட்டாளத்துக்காரருக்கு, போஸ்ட்ட மண்ணுக்குள்ள நட்டிருப்பாங்கங்கிறது தெரியலை. அதைத்தான நம்பச் சொல்றீக?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். என்னிடம் இருக்கிற உண்மை, அவர்கள் சொல்கிற பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. விலை போனவன் என்றால் அதில் குறைந்தபட்சம் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. குழிக்குள் போஸ்ட் இருப்பதை மறந்தவனுக்கு என்ன இருக்கிறது? சில நாட்களில், ஆமாம் வாங்கினேன் என்று ஒத்துக்கொண்டால் என்ன என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஜவுளிக்கடைக்கே திரும்பப் போய்க் கேட்டு, அதே வாசலில் நிற்கிறேன். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. உரிய நாளில் ஏன் ஆட்சேபம் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கிறதாம். குவாரியில் வெடி நிற்கவில்லை.

இத்தனையிலும் அக்கா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போனால் சோறு போடுவாள். சாக்கை உதறிப் போடுவாள். வழக்கைப் பற்றி நான் எடுத்தால் பேச்சை மாற்றுவாள். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. தெருவில் யார் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. அக்கா என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே சோறு போடுகிறாளோ என்பதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒரு வருடம் அரித்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்துவிட்டேன். அக்கா மடியில் மல்லிகையைக் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் வேலைக்குப் போயிருந்தார். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, வளைந்துபோன அட்டையை வைத்தேன்.

"அக்கா, நான் வேணும்னு செய்யல. இங்க பாரு, அந்தப் போஸ்ட்டு எட்டு மீட்டருன்னு சொன்னாங்க. ஆனா அதுல..."

"நெஞ்சளவு உள்ள போயிருக்கு" என்றாள் அக்கா. கை பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது.

எனக்குப் புரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் குழியத் தோண்டுனதே ஒங்க மச்சாந்தானடா. கரண்டு காண்ட்ராக்டருகிட்டக் கூலிக்குப் போனாருல்ல? நான்தான் சோறு கொண்டுபோனேன். நெஞ்சு வரைக்கும் உள்ள நின்னுக்கிட்டுத்தான் தூக்குவாளிய வாங்குனாரு."

"அப்ப... அன்னைக்கு மாடியில..."

"எட்டுன்னு எவனோ சொன்னான். நீ எட்டுன்னே வச்ச. நான் பின்னாடிதான நின்னேன்? சொல்லலாம்னு வாயெடுத்தேன். நீ கையக் காட்டிட்ட."

"அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாம்லக்கா? முப்பது நாள் இருந்துச்சே."

அக்கா பூவை மடியில் வைத்தாள்.

"அம்புட்டுப் பேரு கை தட்டுறாக. அவுக முன்னாடி, ஏந்தம்பி தப்பா அளந்துட்டான்னு நான் சொல்லவா? மச்சான் வந்ததும் அவருகிட்டக் கேட்டேன். குழி தோண்டுறவனுக்கு என்ன தெரியும், அவன் அட்டையில அதெல்லாம் கழிச்சுத்தான் வரும், நீ போய்க் குறுக்க பேசி அவன் மானத்த வாங்காதன்னாரு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். எருமையையே டேப்பு வச்சு அளந்தவனாச்சே."

கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"அப்ப நான் பொய் சொல்லலைன்னு ஒனக்கு மொதல்லேருந்தே தெரியும்."

"தெரியாம என்ன? நீ தப்புப் பண்ணதக் கண்ணால பாத்தவ நான் ஒருத்திதான."

ஒரு வருடமாக நான் ஏங்கியது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். கிடைத்துவிட்டது. ஊர் நம்பாதபோது ஊர் மேல் கோபப்பட முடிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஒரு வருடத்தைத் தள்ளிவிட்டேன். இனி யார் மேல் கோபப்படுவது?

குவாரியில் விசில் ஊதினார்கள். வெடிக்கு முந்திய விசில். அக்கா மடியிலிருந்த பூவைக் கூடைக்குள் அள்ளிப் போட்டு, தூசி விழாமல் ஈரத்துணியால் மூடினாள். எழுந்து போய், வாசலில் சாக்கின் ஓரத்தை விரிசலுக்கு நேராக இழுத்துவிட்டாள்.

"தள்ளி ஒக்காரு தம்பி, தலையில விழும்" என்றாள்.